ஐம்பத்தொன்றிலிருந்து நாற்பத்தேழு வரை

காசிமேடு ஹார்பர் கேட்டுக்கு எதிர்ச் சந்தில் நீலமேகத்தைத் தேடி வருகிற அத்தனை பேருக்கும் ஒரே அவசரம்தான். சீக்கிரம் குளிரணும். ஃப்ரீசரோ, கடை ஃபிரிட்ஜோ, போட்டில் மீன் அடைக்கிற குளிர் அறையோ, எது மக்கர் பண்ணினாலும் அவன்தான் வந்தாகணும். பதினாறு வருஷமாக இதே பிழைப்பு. சும்மா சொல்லக்கூடாது, கைராசிக்காரன். கம்ப்ரசர் மேல் உள்ளங்கையை வைத்தே இன்ன வியாதி என்று சொல்லிவிடுவான். அந்தக் கர்வமும் கொஞ்சம் தலைக்கு ஏறித்தான் இருந்தது. அப்படிப்பட்டவனிடம் கட்டின பொண்டாட்டியே வந்து, பத்து நாளில் பதினைந்து டிகிரி மட்டும் இறங்குகிற பெட்டி ஒன்று செய்து கொடு என்று கேட்டால் எப்படி இருக்கும்?

"பத்து நாளா? பத்தே நிமிசத்துல எறக்கிக் காட்றேன் யசோ."

"பத்து நிமிசத்துல எறக்குற ஆளுங்க மெட்ராஸ் பூரா கீறாங்க மாமா. மெதுவா எறக்கத் தெரிஞ்ச ஆளுதான் எனக்கு வோணும்" என்றாள் யசோதரா.

இரண்டு பேரும் வியாசர்பாடிதான். அவள் அங்கே புத்த விகாரையில் நடக்கிற சாயங்கால வகுப்பில் படித்து, காலேஜ் போய், காலேஜுக்கு மேலேயும் போய், இப்போது ஆராய்ச்சியில் அஞ்சாவது வருஷத்தை முடித்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி நாலு வருஷத்தில், அவள் என்ன ஆராய்ச்சி பண்ணுகிறாள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் நீலமேகம் "டிஎன்ஏ" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவான். அதற்கு மேல் கேட்டால் அவனுக்கும் தெரியாது. இந்தப் பெட்டி விவகாரம் வந்த பிறகுதான், தெரியாமல் வேலை செய்யமாட்டேன் என்று அடம் பிடித்து உட்கார்ந்தான்.

அவளும் சலித்துக்கொள்ளாமல் சொன்னாள். "நூலுன்னு வச்சுக்கோ. ஒவ்வொரு நூலுக்கும் அதுக்குன்னே ஒரு ஜோடி. ஜோடியைத் தவிர வேற எதையும் கெட்டியாப் புடிக்காது. எதுக்கு எது ஜோடின்னு எழுதுறது என் வேலை. எழுதி, செஞ்சு வாங்கி, உப்புத் தண்ணியில போட்டு சூடாக்கி ஆறவிட்டா, அதுங்களே மடங்கி மடங்கி நாலு கால் வச்ச குட்டிப் பொம்மை ஆயிடும். கோடிக்கணக்குல. கண்ணுக்குத் தெரியாது. அதுவரைக்கும் லேப்லயே முடிச்சிட்டேன். இப்ப அந்தப் பொம்மைங்க காலோட கால் கோத்துகினு, சாரம் கட்ன மாதிரி வரிசையா நிக்கணும்."

"நின்னா?"

"நின்னா, அதுமேல கண்ணாடிப் பூச்சு ஒண்ணு குடுப்பேன். இடைவெளி மட்டும் சரியா அமைஞ்சா வெளிச்சத்துல நீலம் உள்ள போவ முடியாம திரும்பி வந்துடும். சாயமே கெடையாது, ஆனா கலரு தெரியும். புறா கழுத்துல பாத்ததில்ல? பச்சையும் ஊதாவும் மின்னும். அங்க இன்னா பெயிண்டா கீது? அடுக்குதான் கலரு. இந்த அடுக்கு நம்ம கைக்கு வந்துச்சுன்னா வெளிச்சத்த நாம சொன்ன பக்கம் திருப்பலாம். நாளைக்கு கம்ப்யூட்டருக்குள்ள கரண்டுக்குப் பதிலா வெளிச்சமே ஓடும்."

புறா என்றதும் நீலமேகத்துக்குப் பிடிபட்டுவிட்டது. கல்யாணத்துக்கு முன்னால் பந்தயப் புறா வளர்த்தவன் அவன். ஆனால் ஏன் மெதுவாக இறக்கணும் என்பதுதான் மண்டையில் ஏறவில்லை. எலக்ட்ரிக் டிரெயினை நினைத்துக்கொள் என்றாள் யசோதரா. கதவு ஒரு நொடிதான் திறக்கும் என்றால் ஏறினவன் ஏறின இடத்தில் ஒருத்தன் மேல் ஒருத்தன் நசுங்கிக்கொண்டு நிற்பான். நேரம் கொடுத்தால் தப்பான சீட்டில் உட்கார்ந்தவன்கூட எழுந்து தன் சீட்டைத் தேடிப் போவான். சூடு இருக்கிறவரைக்கும்தான் எழுந்து மாறி உட்காரமுடியும். சட்டென்று குளிர்ந்தால் அவ்வளவுதான், நசுங்கின மேனிக்கே நிற்கவேண்டியதுதான்.

அவளுக்கு இது விளையாட்டு இல்லை. அந்த மாதம் இருபத்துநாலாம் தேதி, புதன்கிழமை, கமிட்டி. ஆராய்ச்சியை முடிக்க இன்னும் ஆறு மாசம் வேண்டுமென்றால் அன்றைக்கு அவள் கலரைக் காட்டியாகவேண்டும். வரைபடத்தில் இல்லை, மைக்ராஸ்கோப்பில். காட்டாவிட்டால் செய்தவரைக்கும் எழுதிக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டவேண்டியதுதான். மணலியில் ஒரு பெயிண்ட் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலைக்கு ஏற்கெனவே கூப்பிட்டிருந்தார்கள். அந்தப் பேச்சை எடுத்தாலே யசோதரா எழுந்து பாத்திரம் கழுவப் போய்விடுவாள். கையில் மிச்சமிருந்த பொம்மைகள் மொத்தமும் எட்டே எட்டு சின்ன டியூபில் அடங்கிவிட்டன. புதிதாகச் செய்ய மூணு மாசம் ஆகும். அந்த நேரம் பார்த்து காலேஜில் டிரான்ஸ்ஃபார்மர் மாற்றுகிறார்கள், இரண்டு வாரத்துக்குக் கரண்ட் வந்து வந்து போகும் என்று சுற்றறிக்கை ஒட்டிவிட்டார்கள். கிணறு வெட்டப் போனால் பூதம் வருகிறது, என்ன செய்ய?

நீலமேகம் கடைக்கு அந்தக் கவலை இல்லை. பக்கத்து இசக்கிப்பாண்டி ஐஸ் ஃபேக்டரியின் ஜெனரேட்டர் லைனில்தான் அவன் கடையும் ஓடுகிறது. ஊரே இருட்டானாலும் ஐஸ் ஃபேக்டரிக்குக் கரண்ட் நிற்காது. அதனால்தான் யசோதராவின் கைடு டெபோரா மேடமே கடைசியில், "சரிம்மா, எடுத்துட்டுப் போ, ஆனா ஒவ்வொரு நாளும் டெம்பரேச்சரை நோட்டுல எழுதி வை" என்று அனுமதி கொடுத்தார்.

நீலமேகம் மீன் அடைக்கிற தெர்மோகோல் பெட்டி இரண்டை ஒன்றுக்குள் ஒன்று வைத்தான். உள்ளே தண்ணீர் ஊற்றி, தண்ணீரைச் சுற்றவிட மீன் தொட்டி மோட்டார் போட்டான். கோழிக்குஞ்சு பொரிக்கிற மெஷினின் கன்ட்ரோலரைப் பிடுங்கி மாட்டினான். அதைத் தானாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குகிற மாதிரி யசோதராவோடு படிக்கிற ஃபர்ஹான் ஒரு போர்டு செய்து கொடுத்தான். எட்டாம் தேதி திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, ஐம்பத்தெட்டு டிகிரியில், எட்டு டியூபும் தண்ணீரில் இறங்கின. பதினெட்டாம் தேதி நாற்பத்துமூன்றில் வெளியே எடுக்கவேண்டும். அப்புறம் கண்ணாடிப் பூச்சுக்கு அஞ்சு நாள், நேராகக் கமிட்டி.

எல்லாம் சரி. ஆனால் அந்த மனுஷனுக்கு ஒரு வெட்கம். கூலிங் மெக்கானிக் கடையில் சுடுதண்ணிப் பெட்டி! ஹார்பரில் தெரிந்தால் ஓட்டித் தள்ளிவிடுவார்கள். அதனால் கேட்டவர்களிடமெல்லாம், "யசோ சரக்கு, ரொம்ப ஒசத்தி, யாரும் கை வெக்காதீங்க" என்று மட்டும் சொல்லி வைத்தான். சுடுதண்ணி என்ற வார்த்தையை அவன் வாய் உச்சரிக்கவே இல்லை.

கன்னியம்மாவிடமும் அதையேதான் சொன்னான். கன்னியம்மா முப்பது வருஷமாக மீன் விற்கிறவள். அவளுடைய ஐஸ் பெட்டிகளை அவன் கடையின் பின்பக்கம்தான் வைப்பாள், கடைச் சாவி ஒன்று அவள் இடுப்பிலேயே இருக்கும். ஹார்பரில் ஒரு வழக்கம் உண்டு. யாருடைய பெட்டியிலாவது ஐஸ் கரைந்து செத்துக் கிடந்தால், பார்த்தவர்கள் தங்கள் ஐஸை அள்ளிப் போட்டுவிட வேண்டும். யார் பெட்டி என்று கேட்கக்கூடாது. திருப்பிக் கொடு என்றும் கேட்கக்கூடாது. சண்டைக்காரி பெட்டியாக இருந்தாலும் மீன் நாறக்கூடாது, அவ்வளவுதான். இந்த ஒரு விஷயத்தில் ஹார்பர்க்காரர்களைக் குறை சொல்ல யாராலும் முடியாது.

பதிமூன்றாம் தேதி சனிக்கிழமை விடிகாலை கன்னியம்மா பெட்டி எடுக்க உள்ளே வந்தாள். யசோதராவின் ஒசத்திச் சரக்கு இருக்கிற பெட்டியில் ஐம்பது புள்ளி ஒன்பது என்று சிவப்பாக எரிகிறது. மூடியைத் திறந்து விரலை விட்டாள். சுடுகிறது. அப்புறம் அவள் என்ன செய்வாள், பாவம்?

காலை ஏழு மணிக்கு நீலமேகம் கடைக்கு வந்தபோது கன்னியம்மா வாசலில் டீ கிளாசோடு நின்றிருந்தாள். முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி.

"இன்னா மெக்கானிக்குடா நீ நைனா? உன் பொட்டியே வெந்துகினு கீது. நான் மட்டும் பாக்கலன்னு வையி, யசோ சரக்கு நாறிப் பூட்டிருக்கும். நாலு மணிக்கே ரெண்டு கூடை ஐஸக் கொட்டி மூடி போட்டேன்."

அவன் உள்ளே ஓடினான். மூடியைத் திறந்தான். தண்ணீர் தளும்பி வழிந்திருந்தது. ஐஸ் துண்டுகளுக்கு நடுவே எட்டு டியூபும் மிதந்தன. போர்டு நனைந்து செத்துப்போயிருந்தது. கம்பித் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தால் பதினொன்று.

"உன் ஐஸா கன்னிக்கா?" என்று மட்டும் கேட்டான்.

"பின்ன? எனக்கு மிச்சம் இல்லாம பூட்சு. சங்கரா மீனு கொஞ்சம் வெயில்ல வாடுது, போட்டும் வுடு. உன் பொண்டாட்டி படிப்பு பெருசா, என் சங்கரா பெருசா?"

இவளை எப்படித் திட்டுவது? அவன் தலையை ஆட்டினான். அவள் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு சந்தோஷமாகப் போனாள். பின்னாலேயே ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நீலமேகம் ஒரு காரியம் செய்தான். ஐஸை அள்ளி வெளியே கொட்டினான். ஹீட்டர் கம்பியைத் தண்ணீரில் விட்டு, பதினொன்றை அரை மணி நேரத்தில் ஐம்பதரைக்கு ஏற்றினான். பத்து மணிக்கு அங்கே இருக்கவேண்டிய சூடு ஐம்பதரைதான் என்று நோட்டைப் பார்த்துக் கணக்குப் போட்டுக்கொண்டான். தரையைத் துடைத்தான். பெட்டியைத் துணியால் ஒற்றினான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். அவன் சோற்றைப் பரப்பிப் பார்த்தான்.

பத்து மணிக்கு யசோதரா நோட்டோடு வந்தாள். "போர்டு இன்னா ஆச்சு?"

"ஆவி பட்டு ஷார்ட் ஆயிடுச்சு. கன்ட்ரோலர நானே கையால செட் பண்ணிட்டேன். ஐம்பதரை, சரியாத்தான் கீது."

அவள் எட்டிப் பார்த்தாள். ஐம்பது புள்ளி அஞ்சு. எழுதிக்கொண்டாள். அவனைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் அவனுக்குத் தாங்கவில்லை. திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? ஸ்பேனரை எடுத்துக் காரணமில்லாமல் துடைத்துக்கொண்டிருந்தான்.

யசோதரா பழைய கம்ப்ரசர் மேல் உட்கார்ந்தாள். "ஒண்ணு சொல்லட்டா மாமா? இந்த தபா கலரு வரலன்னாகூட ஒரு நிம்மதி கீது. உன் பொட்டியில தப்பு இல்ல, சூட்டுல தப்பு இல்ல. அப்ப நான் எழுதுன டிசைனுதான் தப்பு. அஞ்சு வருசம் தப்பாவே எழுதிகினு இருந்திருக்கேன்னு ஒத்துகினு மணலிக்குப் பூடுவேன். யாரு மேலயும் பழி போட வேணாம்."

நீலமேகம் துடைப்பதை நிறுத்தினான். இதுவரைக்கும், எட்டு டியூப் போனால் போகட்டும், அவள் மனசு நோகாமல் இருந்தால் போதும் என்றுதான் நினைத்திருந்தான். போகப்போவது டியூப் இல்லை என்பது இப்போதுதான் உறைத்தது. செய்யாத தப்பைச் செய்ததாக நினைத்துக்கொண்டு அவள் ஆயுசு முழுக்க இருப்பாள். பக்கத்திலேயே இவனும் ஒன்றும் தெரியாதவன் மாதிரி உட்கார்ந்து சோறு தின்பான்.

ஸ்பேனரைக் கீழே வைத்தான். "யசோ. ஆவி படல. காத்தால நாலு மணிக்கு கன்னிக்கா அதுல ஐஸு கொட்டிட்டாங்க. பதினொண்ணு வரைக்கும் எறங்கிடுச்சு. நான் வந்து சூடு பண்ணி மறைச்சிட்டேன். இதுக்குள்ள சுடுதண்ணி கீதுன்னு நான் யார்கிட்டயும் சொல்லல. சொன்னா சிரிப்பாங்கன்னு சொல்லல. அவங்க மேல தப்பே இல்ல."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தான். அவள் கத்தவில்லை. எழுந்து ஒரு டியூபை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். தெளிவாக இருந்த தண்ணீரில் பஞ்சு மாதிரி வெள்ளையாக ஏதோ படிந்து கிடந்தது. அதையே ரொம்ப நேரம் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

"ஐஸு போட்டது அவங்க. மூடி மறைச்சது நீ. எனக்கு ஐஸு வலிக்கல மாமா."

 

 பிறகு யசோதரா மூக்கை உறிஞ்சிக்கொண்டு தரையில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தாள். அழுவதற்கும் அவள் அதிக நேரம் ஒதுக்குகிறவள் இல்லை.

"இது சிமெண்ட் இல்ல, ஒரு தபா காஞ்சா அவ்ளோதான்னு விடறதுக்கு. தப்பாப் புடிச்ச கையி சூடு பண்ணா வுட்டுடும். ஐம்பதரையில வுடாது. அறுபது வரைக்கும் போவணும், ரெண்டு மணி நேரம் நிக்கணும். பொம்மை ஒடையாது, புடி மட்டும் வுடும். அப்பால மொதல்லேர்ந்து எறக்கணும்."

"மொதல்லேர்ந்துன்னா பத்து நாளு. பதினெட்டுக்கு அஞ்சு நாளுதான் கீது."

"பத்து நாளுல பாதி நான் பயத்துக்கு வச்சது" என்றாள். சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சின்னச் சின்னதா ஏழு தபா பண்ணிப் பாத்தேன்ல? அதுங்க ஒண்ணையொண்ணு புடிக்கிறது ஐம்பத்தொண்ணுல ஆரம்பிச்சு நாப்பத்தேழுல முடிஞ்சிடும். மேலயும் கீயயும் எவ்ளோ வேகமாப் போனாலும் ஒண்ணும் ஆவாது. அந்த நாலு டிகிரிதான் உயிரு. அத நாலு நாளு இழுக்கணும். முன்ன வச்சதவிட மெதுவா. போர்டு வேற இல்ல. உன்னால முடியுமா?"

பதினாறு வருஷத் தொழிலில் இப்படி ஒரு கேள்வியை யாரும் அவனிடம் கேட்டதில்லை. நோட்டை வாங்கிக் கணக்குப் போட்டான். நாலு டிகிரி என்றால் புள்ளி ஒன்று, புள்ளி ஒன்றாக நாற்பது தடவை. நூறு மணி நேரம். இரண்டரை மணி நேரத்துக்கு ஒரு தரம் யாராவது வந்து கன்ட்ரோலரை ஒரு புள்ளி இறக்கவேண்டும். ராத்திரி பகல் கிடையாது.

"முடியும்" என்றான்.

அறுபதுக்குக் கொண்டுபோகும்முன் யசோதரா ஒரே ஒரு டியூபை மட்டும் எடுத்துத் தனியே வைத்தாள். எதற்கு என்று கேட்டான். கெட்டுப்போனதில் கொஞ்சம் எடுத்து வைத்துக்கொள்ளவேண்டும், அது லேப் பழக்கம் என்றாள். பிறகு நோட்டை அவனிடமே நீட்டினாள். "நடந்தத நீயே எழுது. உன் கையால."

அவன் எழுதினான். அஞ்சு வரிக்கு அரை மணி நேரம் ஆயிற்று.

மத்தியானம் கன்னியம்மாவிடம் விஷயத்தைச் சொன்னார்கள். அவள் அப்படியே மீன் கூடை மேல் உட்கார்ந்துவிட்டாள். "ஐயே, நான் பாவி. அஞ்சு வருசப் படிப்பைக் கொன்னுட்டேனே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். யசோதரா அவள் கையைப் பிடித்து இறக்கி, "கொல்லல கன்னிக்கா. உன் பொட்டின்னு நெனச்சு காப்பாத்துன. இப்பவும் காப்பாத்தலாம், வர்றியா?" என்று கேட்டாள்.

வராமல் இருப்பாளா? விடிகாலை முறைகள் இரண்டையும் அவளே எடுத்துக்கொண்டாள். எப்படியும் மூணு மணிக்கு ஹார்பருக்கு வருகிறவள்தானே. மற்ற நேரத்தைப் புருஷனும் பொண்டாட்டியும் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வியாபார நெரிசலில்கூட, கையில் ஒட்டின செதிலைத் தேய்த்துக் கழுவிவிட்டு, சேலையில் துடைத்துக்கொண்டு, பட்டனைக் கன்னியம்மா ஒரே ஒரு தரம் அழுத்துவாள். நம்பர் மாறினதும் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவாள். ஏலத்தில் நம்பர் பார்த்தே வளர்ந்த கண், ஒரு புள்ளிகூடத் தவறவில்லை. அவள் கூடவே நீலமேகத்தின் வெட்கமும் வெளியே போய்விட்டது. சுடுதண்ணிப் பெட்டிச் சங்கதி ஹார்பர் முழுக்கத் தெரிந்து, "இன்னா மேகம், ஹீட்டர் கடை போட்டுட்டியாமே?" என்று ஆளாளுக்குக் கலாய்த்தார்கள். நீலமேகம், "ஆமா, ஒன் போட்டுக்கும் ஒண்ணு மாட்டட்டா?" என்று கேட்டுக்கொண்டே தன் வேலையைப் பார்த்தான். இவ்வளவுதான் சங்கதி என்றால் முதல் நாளே சொல்லித் தொலைத்திருக்கலாம் என்று அவனுக்கே தன் மேல் எரிச்சலாக வந்தது.

பதினேழாம் தேதி சாயங்காலம் நாற்பத்தேழு வந்தது. மறுநாள் டியூப்களை யசோதரா காலேஜுக்கு எடுத்துப் போனாள். ஆட்டோ வேண்டாம், குலுங்கும் என்று மெட்ரோவில் மடியில் வைத்துக்கொண்டு போனாள். ஏழு டியூபின் அடியிலும் இப்போது பஞ்சு இல்லை, பொடி மணல் மாதிரி ஏதோ இருந்தது. நல்லதா கெட்டதா என்று அவன் கேட்டான். கண்ணாடிப் பூச்சு ஆகாமல், மைக்ராஸ்கோப்பில் வைக்காமல் எதையும் சொல்லமாட்டேன் என்றாள். அவளுக்கு மைக்ராஸ்கோப் கிடைத்ததே புதன்கிழமை காலை, கமிட்டிக்கு ஒரு மணி நேரம் முன்னால்.

அந்தப் புதன்கிழமை நீலமேகம் செய்தது எதையும் வேலை என்று சொல்லமுடியாது. ஒரு போட்டின் குளிர் அறைக்குள் ஏணி போட்டு இறங்கி, கழற்றின ஸ்க்ரூவையே திரும்பத் திரும்பக் கழற்றிக்கொண்டிருந்தான். மேல்தட்டில் கன்னியம்மா விற்காத மீனோடு உட்கார்ந்து, அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தரம் "போன் வந்துச்சா?" என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டரைக்கு வந்தது.

"மாமா, நீலம்" என்றாள் யசோதரா.

அவன் போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டான்.

"ஏழு டியூப்ல அஞ்சுல வந்துடுச்சு. குட்டிக் குட்டிக் கல்லு மாதிரி, நல்ல நீலம். அந்த மைக்ராஸ்கோப்ப விட்டு டெபோரா மேடம் நவுரவே இல்ல, நான்தான் இழுத்துகினு வந்தேன். ஆறு மாசம் குடுத்துட்டாங்க."

"குடுத்துட்டாங்க கன்னிக்கா!" என்று அவன் மேலே பார்த்துச் சொன்னான். மேலிருந்து மூக்கைச் சிந்துகிற சத்தம் வந்தது.

"இரு, இன்னும் கேளு. ராசையா சார்னு ஒருத்தரு, எப்பவும் என்னை மடக்குறவரு. இன்னிக்கும் மடக்குனாரு. இந்தக் கலரு அடுக்குனால வந்துச்சுன்னு எப்படி நம்புறது, ஏதாவது ரசாயனத்தோட கலரா இருந்தா என்ன பண்ணுவேன்னாரு. நான் அந்த எட்டாவது டியூப எடுத்து வச்சேன். அதுக்கும் அதே பூச்சுதான் குடுத்தேன். அதே நூலு, அதே தண்ணி, எல்லாம் அதே. ஐஸு அடிச்சதால அடுக்கு மட்டும் இல்ல. வெறும் சாம்பல், துளி நீலம் கெடையாது. இது எப்படி இப்படி ஆச்சுன்னு கேட்டாரு. நோட்டக் குடுத்தேன்."

 அந்தப் பக்கத்தை எழுதியவன் நீலமேகம்தானே.

"வாய்விட்டே படிச்சாரு மாமா. 'பதிமூன்றாம் தேதி காலை நாலு மணிக்கு ஐஸ் போடப்பட்டது. உள்ளே சுடுதண்ணி என்று நான் யாரிடமும் சொல்லாததால் போட்டார்கள். ஏழு மணிக்கு நான் பார்த்தேன். பார்த்தும் சூடு பண்ணி மறைத்தேன். பத்து மணிக்கு மேல்தான் சொன்னேன். நீலமேகம்.'  இது யாருன்னாரு. என் வூட்டுக்காரர்னேன். 'மறைத்தேன்னு தன் கையால எழுதி வெச்சிருக்கிற ஆளோட நோட்டு இது. இதுல இருக்கிற மத்த நம்பரையெல்லாம் நான் நம்புறேன்'னு சொல்லிட்டு மூடி வச்சிட்டாரு. அப்புறம் ஒரு கேள்விகூடக் கேக்கல. மாமா? கேக்குதா?"

"கேக்கல யசோ. போட்டுக்குள்ள கீறேன், சிக்னல் இல்ல" என்று சொல்லி அவன் வைத்துவிட்டான்.

குளிர் அறையில் ஏணிப்படியில் அப்படியே உட்கார்ந்தான். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தான். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. திரும்ப அவளைக் கூப்பிட்டான்.

"சிக்னல்லாம் நல்லாத்தான் கீது. அழுகை வந்துச்சு, அதான் வெச்சிட்டேன்."